பச்சைக்கு மேல் பச்சை

ஈரத்துணியால் மூன்று முறை துடைத்த பிறகுதான் அந்தத் தேய்மானம் கண்ணில் பட்டது. அலமாரியின் வலது கதவு விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு மரக்கட்டை, ஒற்றைத் திருகாணியில் சுழலும். அதுதான் தாழ்ப்பாள். அதைத் திருப்பும்போதெல்லாம் அதன் நுனி இடது கதவை உரசும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, நாளைக்குப் பத்துத் தடவையாவது உரசி உரசி, இடது கதவில் பிறை வடிவில் சாயம் தேய்ந்திருந்தது. குனிந்து பார்த்தேன். ஓரத்தில் பாலேட்டு நிறம். அதற்குள் மெல்லிய கோடாக வான்நீலம். அதற்குள் பச்சை. நடுவில், கட்டையின் நுனி அழுத்தமாகப் பட்ட இடத்தில் வெறும் மரம், எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பாக. வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினால் தெரியும் வளையங்களைப் போல, அந்த வீட்டின் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன.

இந்த அலமாரியை என்ன செய்தாலும் இந்தப் பிறையை இழக்கக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

அது என் அத்தை வீட்டுச் சாப்பாட்டு அலமாரி. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. 1967இல் மாமா, மலேசியாவில் பினாங்குத் தீவுக்கு எதிரே பெருநிலப் பகுதியில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சீனத் தச்சரிடம் நாற்பத்தைந்து வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, வாங்கியது. மெராந்தி மரம், என் தோள் உயரம். மேலே கம்பிவலை அடித்த இரண்டு கதவுகள், கீழே இரண்டு இழுப்பறைகள். மலாய்க்காரர்கள் இதைக் கெரோபோக் என்பார்கள். குளிர்பதனப்பெட்டி வராத காலத்தில், மதியம் வைத்த குழம்பும் இரவுக்கு எடுத்து வைத்த சோறும் இதற்குள்தான் இருக்கும். காற்று போகும், ஈ போகாது. எறும்பு ஏறாமல் இருக்க நான்கு கால்களுக்கும் அடியில் நான்கு பீங்கான் கிண்ணங்கள், கிண்ணத்தில் தண்ணீர். பள்ளி விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போனால், அந்தக் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

போன நவம்பரில் அத்தை கிள்ளானில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார். வீட்டைக் காலி செய்யும்போது பித்தளைப் பாத்திரங்களுக்கும் தையல் இயந்திரத்துக்கும் ஆள் இருந்தது. பின்கட்டில் கிடந்த இதைக் கேட்க யாரும் இல்லை. நான் கேட்டேன்.

“அதையா? கால் உளுத்துப் போனது கண்ணு. தூக்கிப் போட்டுவிடலாம் என்று இருந்தேன்” என்றார் அத்தை.

“போட வேண்டாம் அத்தை. எனக்குக் கொடுங்கள்.”

சிறிய லாரி ஒன்றைப் பேசி, பினாங்குப் பாலத்தின் 13.5 கிலோமீட்டரையும் தாண்டி, தீவில் இருக்கும் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் ஐந்தாவது மாடிக்கு ஏற்றினேன். மின்தூக்கியில் நிமிர்த்தி வைத்தால்தான் நுழைந்தது. வீட்டுக்கு முன்னால் உள்ள பொது நடைபாதையின் கடைசி மூலைதான் என் பட்டறை. அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு முக்காலி செய்து கொடுத்திருக்கிறேன்.

பழைய மரச்சாமான்களுக்குச் சாயம் பூசி அலங்கரிக்கும் வேலையை நான் 2016இல் தொடங்கினேன். இந்த அலமாரி பத்தாவது. எல்லாப் பழைய மரத்துக்கும் சாயம் பூசக்கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. தேக்கிலோ செங்கால் என்னும் கடினமரத்திலோ செய்து, அரக்கு மெருகு போட்ட ஒன்று கிடைத்தால் அதைச் சுத்தம் செய்து மெருகைத்தான் மீட்க வேண்டும். அதன்மேல் வெள்ளைச் சாயத்தைப் பூசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஆனால் பிறந்ததிலிருந்தே சாயம் பூசப்பட்ட சாமான்கள் இருக்கின்றன. தோட்டத்து வீடுகளிலும் கடைவீட்டு அடுக்களைகளிலும் புழங்கிய மலிவு மரச் சாமான்கள் பெரும்பாலும் அப்படித்தான். அவற்றுக்குச் சாயம்தான் தோல். சுரண்டி எடுத்து உள்ளே இருக்கும் மரத்தைக் காட்டினால் அது வேறு ஏதோ ஒன்றாகிவிடும்.

இந்த வேலையைக் கற்றுத் தருகிற காணொளிகள் பெரும்பாலும் குளிர்ந்த, உலர்ந்த நாடுகளிலிருந்து வருகின்றன. “அரை மணி நேரம் காயவிடுங்கள், அடுத்த பூச்சைப் பூசுங்கள், நாளைக்குப் பயன்படுத்தலாம்” என்பார்கள். அதை நம்பி நான் இழந்தது கொஞ்சநஞ்சமில்லை. பூசை அறைக்கு ஒரு சிறிய மேசை செய்தேன். தொட்டால் ஒட்டவில்லை என்று மூன்றாம் நாளே அதன்மேல் பித்தளைக் குத்துவிளக்கை வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விளக்கைத் துலக்க எடுத்தபோது, அடிப்பாகத்தின் அளவுக்கு வட்டமாகச் சாயம் விளக்கோடு சேர்ந்து உரிந்து வந்தது. காய்வது வேறு, இறுகுவது வேறு. மேலே உள்ள நீர் ஆவியாவது காய்வது. அது அரை மணி நேரத்தில் நடக்கும். உள்ளே சாயத்துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்படுவது இறுகுவது. அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். பினாங்கு ஈரக்காற்றில் நான் ஆறு வாரம் கொடுக்கிறேன்.

அதற்குப் பிறகு ஓர் ஈரப்பதமானி வாங்கி நடைபாதைச் சுவரில் மாட்டினேன். இருபத்தெட்டு வெள்ளி. நான் வாங்கிய கருவிகளிலேயே அதிகம் உதவியது அதுதான். அக்டோபர் மாதக் காலையில் 88 விழுக்காடு காட்டும். ஜனவரி கடைசியில், வெயில் ஏறிய பிற்பகலில் 60க்கு இறங்கும். பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும் மழை கொட்டும் மாதங்கள்; ஜனவரி, பிப்ரவரி உலர்ந்தவை. அத்தையின் அலமாரி நவம்பரில் வந்தாலும், புத்தாண்டு வரைக்கும் நான் ஒரு டப்பாவையும் திறக்கவில்லை. துடைத்தேன், பழுது பார்த்தேன், காத்திருந்தேன்.

பழுதில் பெரிது கால்கள். ஆண்டுக்கணக்காகக் கிண்ணத் தண்ணீரில் நின்றதால் நான்கும் அடியில் இரண்டு அங்குலத்துக்கு உளுத்து, விரலால் அழுத்தினால் ரொட்டி போல உள்ளே போயின. எங்கள் மாடியில் ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர் இருக்கிறார். அவரே அளந்து, அழுகியதை வெட்டி, செங்கால் துண்டுகளை முளை வைத்துப் பொருத்திக் கொடுத்தார். செங்காலைக் கரையானும் எளிதில் தொடாது. துருப்பிடித்த கம்பிவலைக்குப் பதில் எவர்சில்வர் வலை. மரத்தில் ஊசித்துளைகள் இருக்கின்றனவா, கீழே பொடி உதிர்கிறதா என்று ஒரு வாரம் கறுப்புக் காகிதத்தை விரித்து வைத்துப் பார்த்தேன். வண்டு துளைத்த மரத்திலிருந்து மாவு போன்ற தூள் விழும். உலர்மரக் கரையான் என்றால் கசகசா அளவில் மணிமணியாக விழும். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பக்கம் தெரியும். இரண்டும் விழவில்லை.

அடுத்து நான் கொஞ்சமும் எதிர்பாராத சிக்கல்.

பழைய சாயத்தைத் தேய்ப்பதற்கு முன்னால் ஈயம் இருக்கிறதா என்று சோதிப்பது என் வழக்கம். சோதனைக்குச்சிகள் இணையத்தில் கிடைக்கின்றன. நுனியை நனைத்துச் சாயத்தில் தேய்த்தால், ஈயம் இருந்தால் நுனி சிவக்கும். பாலேட்டு நிறத்தில் தேய்த்தேன், ஒன்றும் இல்லை. நீலத்திலும் இல்லை. பிறையின் உள்வளையத்தில், அந்தப் பச்சையில் தேய்த்துவிட்டுக் குச்சியை வைத்தேன். சில நிமிடத்தில் இளஞ்சிவப்பு படர்ந்தது.

பழைய காலப் பச்சைகளில் ஒரு வகை, மஞ்சளையும் பிரஷ்யன் நீலத்தையும் கலந்து செய்தது. அந்த மஞ்சள் ஈயக் குரோமேட். வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும், நன்றாக மூடும், விலையும் குறைவு. அதனால் கதவு, சன்னல், வேலி என்று எங்கும் பூசினார்கள். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். உலர்ந்த உப்புத்தாளால் அந்தப் பச்சையைத் தேய்த்தால் தூள் காற்றில் பறந்து நடைபாதை முழுதும் படியும். எங்கள் நடைபாதையில் மாலை நேரத்தில் நான்கு பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

நான் முதலில் போட்டிருந்த திட்டமே, மேற்பூச்சுகளை அங்கங்கே தேய்த்து அந்தப் பச்சையை வெளியே கொண்டுவருவதுதான். அது முடியாது என்று ஆகிவிட்டது. பிறையையும் அப்படியே விட முடியாது. தாழ்ப்பாளைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது ஈயத்தைத்தான் உரசும். இரண்டு நாள் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் ஒளி ஊடுருவும் வரைதாளைக் கதவில் ஒட்டி, பிறையின் நான்கு வளையங்களையும் பென்சிலால் அப்படியே படி எடுத்தேன். பிறகு அலமாரி முழுவதையும் அதேபோல் எடுத்தேன். எங்கே தேய்ந்திருக்கிறது, எந்த நிறம் வரைக்கும் தேய்ந்திருக்கிறது என்று ஒன்பது தாள்கள். அந்தத் தாள்களில்தான் அத்தையை நான் சரியாகப் பார்த்தேன். இடது கதவின் விளிம்பு வலது கதவைவிட இரண்டு மடங்கு தேய்ந்திருந்தது. அத்தை இடக்கைக்காரர். கீழ்ச்சட்டத்தில் விளக்குமாறு இடித்த இடம் ஒரே கோடாக ஓடியது. இடது இழுப்பறையின் குமிழைச் சுற்றி ஆழமான தேய்வு, வலது இழுப்பறையில் தேய்வு கிட்டத்தட்ட இல்லை. இடதில் கரண்டிகள், வலதில் மாமாவின் கணக்குப் புத்தகங்கள். பின்பக்க மேல்மூலைகளில் ஒரு கீறல்கூட இல்லை. அங்கே யார் கையும் போகவில்லை.

இப்போது ஜார்ஜ்டவுனில் பல காப்பிக்கடைகளில் ‘பழமை’ பூசிய மேசைகளைப் பார்க்கிறேன். சங்கிலியால் அடித்து, சுத்தியலால் குத்தி, எல்லா விளிம்பையும் ஒரே அளவுக்குத் தேய்த்திருப்பார்கள். கை எட்டாத அடிச்சட்டத்தில்கூட வெள்ளைச் சாயத்தைச் சுரண்டியிருப்பார்கள். எனக்கு அது பொறுப்பதில்லை. சாமான் தேய்வது மனிதர்கள் தொடும் இடத்தில். யார் தொட்டார்கள், எந்தக் கையால் தொட்டார்கள் என்று எண்ணிப் பார்க்காமல் உப்புத்தாளை எடுக்கக்கூடாது.

உரிந்து நின்ற இடங்களை மட்டும் தண்ணீர் தெளித்துக்கொண்டே, முகமூடி போட்டு, ஈரமாகவே சுரண்டினேன். சுரண்டியதையும் துடைத்த துணியையும் பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்தினேன். ஒட்டி நின்ற சாயத்தைத் தொடவில்லை. அதன்மேல் இரண்டு பூச்சு அரக்கு. அவலைப் போலத் தட்டையான சில்லுகளாக விற்கும் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்துப் பூசுவது. மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின்தான் அது. மேலே சாயம் பிடிக்க வேண்டுமானால் மெழுகு நீக்கிய அரக்காகப் பார்த்து வாங்க வேண்டும். அரக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மெர்பாவ் மரத்தில் செய்த முக்காலி ஒன்றுக்கு நேரடியாகப் பாலேட்டுச் சாயம் பூசினேன். மறுநாள் காலையில் தேநீர் கொட்டியதுபோல் செம்பழுப்புக் கறைகள். மறுபடியும் பூசினேன், மறுபடியும் கறை. மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்து சாயத்தின் நீரில் கரைந்து மேலே ஏறுகிறது. எத்தனை பூச்சு பூசினாலும் ஏறும். இடையில் அரக்கு இருந்தால் நின்றுவிடும்.

ஆனால் அரக்கு ஈரக்காற்றைப் பொறுக்காது. ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து, அரக்கு பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். மழைநாளில் ஒருமுறை எனக்கு அப்படி ஆகிப் பதறிப் போனேன். வெயில் வந்ததும் துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு மேலாக ஓட்டினால் கரைந்து தெளிந்துவிடும் என்பது பிறகு தெரிந்தது. இந்த முறை ஜனவரி நான்காம் வாரம், பிற்பகல் இரண்டு மணிக்கு, ஈரப்பதமானி 62 காட்டும்போது பூசினேன். கண்ணாடி போல நின்றது.

இனி சாயம். பழைய வரிசைப்படியே பச்சை, நீலம், பாலேடு என்று மூன்றையும் புதிதாக, ஈயம் இல்லாமல், அரக்குக்கு மேல் அடுக்க வேண்டும். அடுக்கிவிட்டு வரைதாள் காட்டும் இடங்களில் தேய்க்க வேண்டும். உண்மையான பச்சை அடியில் உறங்கட்டும்.

இதற்கு ஏற்றது சுண்ணச் சாயம். 1990இல் பிரிட்டனில் ஆனி ஸ்லோன் என்ற பெண்மணி ‘சாக் பெயிண்ட்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. இழுவையாகப் பூசலாம், மங்கலாகக் காயும், தேய்த்தால் மெத்தென்று கரையும். டப்பா விலை எனக்குக் கட்டுப்படியாகாது. நானே கலக்கிக்கொள்கிறேன். சாதாரண நீர்ச்சாயம் ஒரு கோப்பை, கால்சியம் கார்பனேட் மாவு கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு, அதே அளவு தண்ணீர். மாவை முதலில் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்துவிட்டுப் பிறகு சாயத்தில் சேர்க்க வேண்டும். தோசை மாவுப் பதம் வரவேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சேர்ப்பவர்களும் உண்டு. அது பாத்திரத்திலேயே இறுகத் தொடங்கிவிடும், நம் ஊர்க் காற்றில் பையிலேயே கட்டி பிடித்துவிடும். பால்சாயம் என்று, பாற்புரதமும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்வதும் ஒன்று உண்டு. அழகானது, ஆனால் என் நடைபாதையில் அதற்குப் பூஞ்சை வந்தது. விட்டுவிட்டேன்.

நிறம் பிடிப்பதற்கு ஜெலுத்தோங்கில் நான் வழக்கமாகப் போகும் இரும்புக்கடைக்கு, அரக்கு பூசி மூடிய ஒரு பழைய இழுப்பறைக் குமிழை எடுத்துப் போனேன். தவுக்கே, அதாவது கடை முதலாளி, அதைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்தப் பச்சை இப்போது வராது” என்று மலாயில் சொன்னார். அந்த மஞ்சள் இப்போது போடுவதில்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் விடவில்லை. மூன்று முறை கலந்தார். மூன்றாவதில் ஒரு துளி கறுப்பும் ஒரு துளி காவியும் சேர்த்ததும் அத்தை வீட்டுப் பின்கட்டு வந்துவிட்டது.

நீலத்தில் எனக்குக் குழப்பம் இருந்தது. வெயிலில் வெளுத்த நீலத்தைப் பூசுவதா, முதலில் இருந்த நீலத்தைப் பூசுவதா? ஜார்ஜ்டவுனில் லெபோ லீத் தெருவில் இருக்கும் பழைய சியோங் ஃபாட் ட்சே மாளிகையின் சுவர்களுக்கு, சுண்ணாம்பில் அவுரி நீலத்தைக் கலந்து பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும், சுவர் மூச்சு விடும். அந்த நீலம் மழையில் ஒன்றாகவும் வெயிலில் ஒன்றாகவும் தெரிவதை எத்தனையோ முறை நின்று பார்த்திருக்கிறேன். அத்தையைத் தொலைபேசியில் கேட்டேன்.

“நீலம் எப்படி இருந்தது அத்தை, அடித்த புதிதில்?”

“உன் சித்தி கல்யாணத்துக்கு அடித்தது அது. அவள் கல்யாணப் புடைவை நிறம்தான். நீ பார்த்ததில்லையா?”

சித்தியிடம் கேட்டுப் புடைவையின் படத்தை வாங்கினேன். நான் எண்ணியிருந்ததைவிட ஆழமான நீலம். அதையே கலந்தேன்.

பச்சை இரண்டு பூச்சு. ஒரு வாரம் காய்ந்தது. வரைதாளைப் பார்த்து, பச்சை தெரிய வேண்டிய இடங்களில் வெள்ளை மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்தேன். மெழுகு பட்ட இடத்தில் அடுத்த சாயம் பிடிக்காது, பிறகு எளிதாக உதிரும். அதன்மேல் நீலம். மறுபடி ஒரு வாரம், மறுபடி மெழுகுவத்தி, இந்த முறை கொஞ்சம் அகலமாக. அதன்மேல் பாலேடு. கடைசிப் பூச்சைத் தூரிகைத் தடம் தெரியும்படி மேலிருந்து கீழாக இழுத்தேன். முன்பும் அப்படித்தான் இருந்தது. மாமா உருளை வைத்து அடித்தவரில்லை.

பிறையை மட்டும் மெழுகால் செய்யவில்லை. மெழுகு சாயத்தைச் செதிலாக உதிர்க்கும்; தாழ்ப்பாள் அப்படிச் செய்யாது, அது அரைத்து அரைத்துச் சரிவாகத்தான் தேய்க்கும். 320 எண் உப்புத்தாளைத் தாழ்ப்பாள் நுனி அகலத்துக்கு ஒரு மரத்துண்டில் சுற்றி, தண்ணீரில் நனைத்து, தாழ்ப்பாள் போகும் அதே வளைவில் ஆட்டினேன். பத்து ஆட்டத்துக்கு ஒருமுறை துடைத்துப் பார்ப்பேன். பாலேடு மெலிந்து, அதன் அடியிலிருந்து நீலம் முதலில் புகைபோல் தெரிந்தது. இன்னும் இருபது ஆட்டம். நீலத்தின் நடுவில் அரிசி அளவுக்குப் பச்சை திறந்தது, பிறகு நெல்லளவு, பிறகு புளியங்கொட்டை அளவு. அங்கே நிறுத்த வேண்டும். இன்னும் போனால் அரக்கு, அதற்கும் கீழே ஈயம். நடுவில் தெரிந்த மரத்தை மட்டும் காட்ட முடியாது. அந்த இடத்தில் மெராந்தியின் செம்பழுப்பைக் கலந்து, மெல்லிய தூரிகையால் ஒரு சொட்டு வைத்தேன். வரைதாளை மேலே வைத்துப் பார்த்தேன். பென்சில் கோடும் சாய விளிம்பும் ஒரு மயிரிழை வித்தியாசத்தில் பொருந்தின. கை நடுங்கியது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

இழுப்பறை முகப்புகளில் பழைய சாயம் பொடிப்பொடியாக வெடித்திருந்தது. அடுப்பு அந்தப் பக்கம்தான் இருந்தது. அங்கே மட்டும் வெடிப்புப் பூச்சு செய்தேன். நீலத்தின் மேல் பசையை வழவழவென்று தடவி, அது விரலில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே மேல்சாயத்தை ஒரே இழுப்பில் பூச வேண்டும். மேல்சாயம் காய்ந்து சுருங்கும், அடியில் பசை இன்னும் இளகி நிற்கும், பிடிப்பில்லாமல் மேல் தோல் பிளக்கும். முன்காலத்தில் தச்சர்கள் வஜ்ரம் என்னும் விலங்குப் பசை கொண்டு செய்தது இது. நான் வெள்ளைப் பசையையே பயன்படுத்துகிறேன். சாயம் தடிமனாக இருந்தால் அகல வெடிப்பு, மெல்லியதாக இருந்தால் நுண்ணிய வெடிப்பு. ஒருமுறை இழுத்த இடத்தில் திரும்பத் தூரிகை பட்டால் அவ்வளவுதான், குழம்பிவிடும். ஈரக்காற்றில் மேல்சாயம் மெதுவாகக் காய்வதால் வெடிக்காமலே படுத்துவிடுவதும் உண்டு. பலகைத் துண்டுகளில் நான்கு முறை முயன்றும் வரவில்லை. ஐந்தாவதில் காற்றாடியை ஒரு முழ தூரத்தில் வைத்தேன். கண் முன்னாலேயே கோடுகள் ஓடின.

உள்ளே பின்பலகைக்கு அத்தையின் கோலம். கம்பிவலை வழியாக மங்கலாகத் தெரிய வேண்டும் என்று ஆசை. அச்சுகள் கடையில் கிடைக்கின்றன, எல்லாம் ரோஜாவும் பிரெஞ்சு எழுத்தும். அத்தை வீட்டு வாசலில் வெள்ளிக்கிழமைதோறும் போடும் கோலம் ஏழு புள்ளி, இடைப்புள்ளி நான்கில் நிறுத்த வேண்டும். அதை, நான் கற்பிக்கும் பள்ளியில் ஒதுக்கிவிட்ட ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் வரைந்து கத்தியால் வெட்டினேன். தூரிகையில் சாயத்தைத் தொட்டு, காகிதத்தில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, நேர்க்குத்தாகத் தட்டித் தட்டி ஏற்ற வேண்டும். ஈரம் அதிகமானால் தாளுக்கு அடியில் கசிந்து கோடு வீங்கும். இரண்டு இடத்தில் வீங்கியது. அரிசிமாவுக் கோலத்திலும் அப்படி வீங்கும் என்பதால் திருத்தவில்லை.

மேல்காப்புக்கு மெழுகு வேண்டாம் என்று முடிவு செய்தேன். தேன்மெழுகு 62 பாகை அளவில் உருகும் பொருள். நம் ஊர்ப் பிற்பகலில் அது உருகாவிட்டாலும் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகிப் பாலேட்டைக் கெடுக்கும். ஆகவே பளபளப்பில்லாத நீர் வார்னிஷ், மூன்று மெல்லிய பூச்சு. பிறகு ஆறு வாரம் யாரும் தொடவில்லை.

சித்திரைப் புத்தாண்டுக்கு அத்தை பினாங்கு வந்தார். அலமாரியின் முன்னால் சற்று நேரம் நின்றார். இடக்கை தானாக எழுந்து தாழ்ப்பாளைத் திருப்பியது. உள்ளே கோலத்தைப் பார்த்ததும் வாய்க்குள் புள்ளிகளை எண்ணினார். பிறகு குனிந்து கால்களைப் பார்த்தார்.

“கிண்ணம் எங்கே?”

“டெங்கிக் கொசு முட்டையிடும் அத்தை. இப்போது யாரும் வைப்பதில்லை.”

“எறும்பு வருமே.”

“இதில் சாப்பாடு வைக்கப் போவதில்லை.”

“சாப்பாடு வைக்காவிட்டால் அது என்ன சாப்பாட்டு அலமாரி?”

ஈயத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். அத்தையின் முகம் சற்று வாடியது. “நீங்கள் எல்லாரும் இதில் வைத்ததைத் தின்றுதானே வளர்ந்தீர்கள்” என்றார். உள்பக்கம் அந்தக் காலத்தில் சாயம் பூசாத வெறும் மரமாகத்தான் இருந்தது என்பதை அவர் கையைப் பிடித்து உள்ளே தடவிக் காட்டினேன். பின்பலகையைத் தவிர இப்போதும் அப்படித்தான் விட்டிருக்கிறேன். தடவிப் பார்த்துத் தலையசைத்தார். இப்போது அதில் என் மாணவர்களின் கட்டுரை நோட்டுகளும் கோலமாவு டப்பாவும் இருக்கின்றன.

மறுபடியும் தாழ்ப்பாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார் அத்தை. பிறையை விரலால் தொட்டார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எப்போதும் இருந்ததுதானே என்பது போலிருந்தது.

“தாழ்ப்பாள் இறுக்கமாக இருக்கிறது கண்ணு” என்றார். “அடியில் கொஞ்சம் மெழுகு தடவிவிடு.”